ஸ்டீல் ரிம்மா, அலாயா? தார், ஜிம்னி, குர்கா வைத்திருப்பவர்கள் எப்படி முடிவெடுக்கலாம்

மஹிந்திரா தார் வாங்கினாலும் சரி, மாருதி ஜிம்னியோ ஃபோர்ஸ் குர்காவோ வாங்கினாலும் சரி, முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். கம்பெனி கொடுத்த ஸ்டீல் ரிம்மைக் கழற்றிவிட்டு அலாய், அதாவது அலுமினியக் கலவை ரிம், போடலாமா, இல்லை மேல் வேரியன்ட்டில் வந்த அலாயைக் கழற்றிவிட்டு ஸ்டீலுக்குப் போகலாமா? விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "ஸ்டீல்தான் பலம், வளைஞ்சா தட்டி நிமிர்த்திக்கலாம்" என்பார் ஒருவர். "இப்ப வர்ற அலாய் எல்லாம் அவ்வளவு லேசுல உடையாது" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. நான் சொல்வது இதுதான்: உலோகத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் ரிம்மின் அங்குல அளவைப் பாருங்கள், அடுத்து நீங்கள் போகும் இடத்தில் ரிம் அடிபட்டால் அங்கே யார் சரி செய்வார் என்று யோசியுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் ஸ்டீலா அலாயா என்பதற்குப் பெரும்பாலும் தானாகவே விடை வந்துவிடும்.

முதலில் அளவு

2020-இல் வந்த மூன்று கதவு தாரையே எடுத்துக்கொள்வோம். ஏஎக்ஸ் வேரியன்ட்டில் 16 அங்குல ஸ்டீல் ரிம், அதில் 245/75 ஆர்16 டயர். எல்எக்ஸ் வேரியன்ட்டில் 18 அங்குல அலாய், அதில் 255/65 ஆர்18 டயர். முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-இல், இரண்டாவது எண் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைட்வாலின் உயரம் என்பது. கணக்குப் போட்டால் முதல் டயரின் சைட்வால், அதாவது ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் சுவரின் உயரம், ஏறத்தாழ 184 மி.மீ. இரண்டாவதில் 166 மி.மீ. மொத்த டயரின் உயரம் எல்எக்ஸில் ஒன்றரை செ.மீ. கூடுதல்தான், ஆனால் கல்லில் மோதும்போது அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பர் 18 மி.மீ. குறைவு. ஐந்து கதவு தார் ராக்ஸின் மேல் வேரியன்ட்டில் வரும் 255/60 ஆர்19-இல் இது 153 மி.மீ.-க்கு இறங்கிவிடுகிறது. விலை ஏற ஏற ரிம்மைக் காப்பாற்றும் ரப்பர் குறைகிறது என்பதைத்தான் ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், மலைப்பாதையிலும் மணலிலும் நாம் காற்றை இறக்கித்தான் ஓட்டுவோம். சாலையில் 30 பிஎஸ்ஐ வைத்திருந்தால் கல் பாதையில் 20-22, மணலில் 15-18 என்று இறங்குவோம். காற்று இறங்கிய டயர் நசுங்கித்தான் கல்லைத் தாண்டும். அப்படி நசுங்க இடம் போதவில்லை என்றால் கல்லின் அடி நேராக ரிம்மின் விளிம்பில் விழும், அது எந்த உலோகமாக இருந்தாலும். "அலாய் போட்டேன், உடைந்துவிட்டது, ஸ்டீலுக்கு மாறினேன், பிரச்சினையே இல்லை" என்று சொல்பவர்களில் நிறைய பேர் உண்மையில் 18-லிருந்து 16-க்கு இறங்கியவர்கள். அவர்களைக் காப்பாற்றியதில் பாதிக்கு மேல் ரப்பரின் பங்கு.

ஜிம்னிதான் இந்த ஒப்பீட்டைச் சுத்தமாகச் செய்ய விடுகிறது. ஜீட்டாவில் ஸ்டீல், ஆல்ஃபாவில் அலாய், இரண்டிலும் அதே 15 அங்குலம், அதே 195/80 ஆர்15 டயர். சைட்வால் இரண்டிலும் 156 மி.மீ. அதனால் ஜிம்னிக்காரர்கள் மட்டும் நேராக அடுத்த பகுதிக்குப் போகலாம். தார் எல்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை, கல் பாதையில் அடிக்கடி ஓட்டுவதாக இருந்தால் ஸ்டீலோ அலாயோ, முதலில் 16-க்கு இறங்குங்கள். 2024-இல் வந்த குர்காவும் இதே 255/65 ஆர்18 அளவில் அலாயோடுதான் வருகிறது, அதற்கு முந்தைய 2021 மாடலில் 16 அங்குல ஸ்டீல். அதற்கும் இதே கணக்குதான், ஆனால் 18 போட்டு வந்த எந்த வண்டியிலும் 16 ரிம், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் காலிப்பரில் இடிக்காமல் சுற்றுகிறதா என்று ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் மீதியை வாங்க வேண்டும்.

அடிபட்டால் என்ன ஆகிறது

ஸ்டீல் ரிம் என்பது உருட்டி வெல்டு அடித்த ஒரு வளையமும், அச்சில் அழுத்தி உருவாக்கிய நடுத்தகடும் சேர்ந்தது. சாதாரண ஸ்டீல் முறிவதற்கு முன்னால் நன்றாக நீளும், வளையும். அதனால் பெரிய கல்லில் இடித்தால் கீழே விழுந்த எவர்சில்வர் குடம் மாதிரி ஒடுங்கும். அலாய் என்று நாம் வாங்குவதில் பெரும்பாலானவை சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும் கலந்த வார்ப்பு அலுமினியம். இதற்கு ஸ்டீல் அளவுக்கு நீளும் குணம் கிடையாது. சின்ன அடியைச் சின்னத் தடம்கூட இல்லாமல் தாங்கிவிடும், அந்த எல்லையைத் தாண்டினால் விரிசல் விடும். அதாவது லேசான அடிகளில் ஸ்டீல்தான் முதலில் வளையும், இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நெடுஞ்சாலைப் பள்ளத்தில் இறங்கி ஏறியதில் ஸ்டீல் ரிம் கோணியிருக்கும், அதே பள்ளத்தில் போன நல்ல அலாய் வட்டம் மாறாமல் இருக்கும்.

அலாய் என்றாலே பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். டாக்கார் ராலியில் 2022 முதல் ஓடும் டி1 பிளஸ் வண்டிகள் 17 அங்குல அலாய் ரிம்மில்தான் 37 அங்குல டயரைப் போட்டு ஓடுகின்றன. ஆனால் அந்த வண்டியில் கூடுதல் சக்கரம் இருக்கும், ராத்திரி முகாமில் மெக்கானிக்குகள் காத்திருப்பார்கள். ஐ.நா. அமைப்புகள் உலகம் முழுக்க ஓட்டும் வெள்ளை நிற லேண்ட் க்ரூசர்களைப் பாருங்கள், பெரும்பாலும் ஸ்டீல் ரிம். அவர்களுக்கு வேகம் தேவையில்லை, எந்த ஊர்ப் பட்டறையிலும் சரி செய்ய முடிய வேண்டும். உங்கள் ஓட்டம் இந்த இரண்டில் எதற்குப் பக்கம் என்று பாருங்கள்.

எடை பற்றியும் ஒரு வார்த்தை. அலுமினியத்தின் அடர்த்தி ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் விறைப்பும் ஏறத்தாழ அதே மூன்றில் ஒரு பங்கு என்பதால் தடிமனாக வார்க்க வேண்டியிருக்கிறது. ஆகையால் கடைசியில் ஒரே அளவு ரிம்மில் இரண்டு மூன்று கிலோதான் மிச்சமாகும், மலிவான வார்ப்பு அலாய் சில ஸ்டீலுக்குச் சமமான எடையில்கூட வருகின்றன. வாங்கும் முன் தராசில் வைத்துப் பாருங்கள். எடை குறைந்தால் சஸ்பென்ஷன் சீக்கிரம் அடங்கும், குண்டும் குழியுமான பாதையில் டயர் தரையை விடாமல் பிடிக்கும், ஜிம்னி மாதிரி சின்ன இன்ஜின் வண்டியில் இழுவையிலும் வித்தியாசம் தெரியும். ஆனால் அலாயில் மிச்சம் பிடித்த இரண்டு கிலோவை, அளவு கூடின கனமான மட் டெரெய்ன் (சேற்றுப் பாதை) டயர் போட்டு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு எடை பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

எங்கே ஓட்டுகிறீர்கள்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளை நின்று பார்த்திருக்கிறீர்களா? பழைய மஹிந்திரா ஜீப்புகள், ஒல்லியான டயர், ஸ்டீல் ரிம். விளிம்பில் சுத்தியல் பட்ட தடம் இல்லாத ரிம்மைப் பார்ப்பது கஷ்டம். கழற்றி, தட்டி, டியூப் போட்டு, அடுத்த டிரிப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். தினமும் கல்லில் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் தேர்ந்தெடுத்தது அது, காரணம் இல்லாமல் இல்லை. இமயமலையில் ஸ்பிதி, ஜான்ஸ்கர் பக்கம் பல நாள் ஓட்டப் போகிறவர்களுக்கும் நான் ஸ்டீலைத்தான் சொல்வேன். ஸ்பிதியில் இருக்கும் காசா ஊரைத் தாண்டிவிட்டால் அலாய் விரிசலைச் சரியாகப் பார்க்கிற ஆள் கிடைப்பது அரிது, பஞ்சர் கடையும் சுத்தியலும் எங்கேயும் உண்டு.

சேறு என்றால் கதை கொஞ்சம் மாறுகிறது. ஸ்டீல் ரிம்மின் உள்பக்கக் குழிவில் சேறு போய் அப்பிக்கொள்ளும், காய்ந்ததும் கல் மாதிரி இறுகிவிடும். சாலைக்கு ஏறி 60-70 தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கும், பலர் உடனே அலைன்மென்ட் போய்விட்டது என்று பயந்து கடைக்கு ஓடுவார்கள். ரிம்மின் உள்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே போதும். அகலமான இடைவெளி விட்ட ஆரக்கால் அலாயில் இந்தச் சேறு பெரும்பகுதி தானே விழுந்துவிடும், மீதியைக் கைவிட்டே வழித்தெடுக்கலாம். ஆனால் அலாயில் பேலன்சிங் எடை உள்பக்கம் ஒட்டும் வகையாக இருக்கும், சேற்றோடு அதுவும் பிய்ந்து போகும். கழுவிய பிறகும் நடுக்கம் இருந்தால் அதைத் தேடுங்கள்.

மணலில், உதாரணமாக ஜெய்சல்மேர் பக்கம் சாம் மணற்குன்றுகளில், ரிம்மில் இடிக்க எதுவும் இல்லை, அங்கே அலாய் தாராளமாகப் போதும். அங்கே பயம் வேறு: காற்றை ரொம்ப இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இது இரண்டு உலோகத்துக்கும் பொது. கழன்றால் டயருக்குள் தீ வைத்து, அந்த வெடிப்பில் டயரை ரிம்மில் ஏற்றுகிற வேடிக்கை எல்லாம் வேண்டாம். சோப்புத் தண்ணீர், டயரைச் சுற்றி இறுக்க ஒரு ராட்செட் பெல்ட், ஒரு நல்ல கம்ப்ரசர், இவ்வளவு இருந்தால் வேலை முடியும்.

கடற்கரை ஊர்க்காரர்களும் கட்ச் உப்புப் பாலை பக்கம் போகிறவர்களும் துருவை யோசிக்க வேண்டும். ஸ்டீல் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தில் பெயின்ட் உரிந்து துருப்பிடித்தால் காற்று மெல்லக் கசிய ஆரம்பிக்கும், எங்கேயும் ஆணி இருக்காது, வாரா வாரம் ஐந்தாறு பிஎஸ்ஐ குறையும். டயரைக் கழற்றி அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும். அலாயும் உப்புக்குத் தப்பாது, வெள்ளைப் பொடி பூக்கும், சக்கரம் உட்காரும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு கழற்ற வராது. மாட்டும்போது ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள், போல்ட் மரையில் தடவக் கூடாது.

வாரம் முழுக்க நகரம், மாதம் ஒரு தடவை மண் பாதை, வருஷத்தில் ஒரு நீண்ட பயணம், இப்படித்தான் நம்மில் பலர். இவர்களுக்குக் கம்பெனி கொடுத்த அலாயே போதும், மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் காசில் நல்ல கம்ப்ரசரும் பிரஷர் கேஜும் வாங்குங்கள். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: அலாய் சாலைக்கு, கூடவே ஐந்து ஸ்டீல் ரிம்மில் முரட்டு டயர் போட்டு வீட்டில் தனி செட். ஒரு அலாய் விலையில் இரண்டு மூன்று ஸ்டீல் ரிம் கிடைக்கும் என்பதால் டயர் தேய்மானத்தில் மிச்சமாவதையும் சேர்த்துப் பார்த்தால் இது அவ்வளவு செலவும் இல்லை, வைக்க இடம்தான் வேண்டும்.

வாங்கும்போது

போல்ட் துளை வட்டம் பொருந்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜிம்னியில் ஐந்து துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. அதோடு நின்றுவிடாதீர்கள், நடுத்துளையையும் பாருங்கள். ஜிம்னியின் ஹப் பெரியது, 108 மி.மீ. விட்டமுள்ள நடுத்துளை வேண்டும், வேறு வண்டி ரிம் துளை பொருந்தினாலும் ஹப்பில் உட்காராது. அடுத்து ஆஃப்செட், அதாவது ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. ரிம்மை வெளியே தள்ளி வைத்தால் வண்டி அகலமாக, அழகாக நிற்கும், ஆனால் வீல் பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் சுமை கூடும், டயர் பாடியை விட்டு வெளியே நீட்டினால் கல்லும் சேறும் பக்கவாட்டில் தெறிக்கும். கம்பெனி அளவிலிருந்து பெரிதாக விலக வேண்டாம். கம்பெனி அளவை மீறிய மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவிலும் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் தலைவலி தரக்கூடியது. அதே மாடலின் இன்னொரு வேரியன்ட்டில் கம்பெனியே தரும் ரிம்மை வாங்குவதுதான் எல்லாவற்றிலும் நிம்மதியான வழி.

வீல் நட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் சக்கரம் கழன்று ஓடுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது. நட்டின் அடிப்பகுதி கூம்பாக இருக்கலாம், தட்டையாக இருக்கலாம், உருண்டையாக இருக்கலாம். ரிம்மின் துளை எந்த வடிவமோ நட்டும் அதே வடிவத்தில் இருந்தே ஆக வேண்டும். அலாயின் அடித்தளம் தடிமன், அதனால் ஸ்டீல் ரிம்முக்கு வந்த நட்டைப் போட்டால் சில சமயம் மரை போதுமான அளவு பிடிக்காது. கையால் சுற்றிப் பாருங்கள், இறுகும் முன் எட்டு ஒன்பது சுற்றாவது போக வேண்டும். மூன்று நான்கு சுற்றிலேயே நின்றுவிட்டால் அந்த ரிம்மை அந்த நட்டோடு மாட்டாதீர்கள். நான்கு அலாய் போட்டுவிட்டு ஸ்டெப்னியை ஸ்டீலாக விடுகிறவர்கள், ஸ்டெப்னிக்கான நட்டு செட்டையும் வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். ஸ்டெப்னி டயரின் அளவும் மற்ற நான்கோடு ஒத்திருக்க வேண்டும், ஃபோர் வீல் தார், ஜிம்னி, குர்கா எல்லாம் தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடுகிற வண்டிகள், முன் பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது, உயரம் மாறிய டயரோடு ஃபோர் ஹையில் பிடிப்புள்ள தரையில் ஓட்டினால் இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

அலாயின் பின்பக்கத்தில் எவ்வளவு கிலோ தாங்கும் என்று வார்த்திருப்பார்கள். வண்டியின் முழுச்சுமை எடையை இரண்டால் வகுத்து, அதில் பின் அச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, மறுபடி இரண்டால் வகுத்தால் வரும் எண்ணைவிட அது தாராளமாகக் கூட இருக்க வேண்டும். கூரையில் டென்ட், பின்னால் ஜெர்ரி கேன், ஐந்து பேர் சாமான் என்று போகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. ஐஎஸ் 16192 தர எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள், ஜப்பான் தர முத்திரையான ஜேடபிள்யூஎல், விஐஏ இருந்தாலும் நல்லது. எந்த எழுத்தும் இல்லாத பளபளப்பான அலாய் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கல் பாதைக்கு வேண்டாம்.

பழைய ரிம் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் டயர் இல்லாத வெறும் ரிம்மாகப் பாருங்கள். முன்பக்கம் எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் உள்பக்க விளிம்பைப் பாருங்கள், அடி விழுவது அங்கேதான். புது பெயின்ட் அடித்த இடத்தில் விரலை ஓட்டினால் வெல்டு மேடு தட்டுப்படும். வெல்டு அடித்த அலாயை நான் வாங்கச் சொல்லமாட்டேன். அலாய்க்குப் பலம் வருவதே வெப்பப் பதப்படுத்தலில்தான், வெல்டின் சூட்டில் அந்த இடத்தில் அது போய்விடும். ஸ்டீலில் பார்க்க வேண்டியது நட்டுத் துளைகளைச் சுற்றியும், நடுத்தகடு வளையத்தோடு சேரும் வெல்டிலும் முடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று. கடைசியாக, வண்டியை ஜாக்கியில் தூக்கி, ரிம்மை மாட்டி, ஒரு பேனாவை அசையாத எதிலாவது சாய்த்து விளிம்புக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். பேனாவுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்று முழுக்க ஒரே மாதிரி இருந்தால் ரிம் நேர். ஓரிடத்தில் உரசி இன்னோரிடத்தில் விலகினால் கோணல், கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும்.

பாதையில் அடிபட்டால்

பெரிய சத்தத்தோடு இடித்துவிட்டீர்கள் என்றால், காற்று இறங்கவில்லை என்று அப்படியே போகாதீர்கள். இறங்கி உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டீல் விளிம்பு மடங்கியிருந்தால் காற்றை முழுக்க இறக்கி, டயரை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டு, மடங்கின இடத்தின் நடுவில் அடிக்காமல் இரண்டு ஓரத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வாருங்கள், நடுவில் ஓங்கி அடித்தால் அந்த இடம் இன்னும் நெளியும். அப்புறமும் கசிந்தால் டியூப் போட்டு ஊருக்கு வரலாம், டியூப்லெஸ் டயருக்குள் டியூப் சீக்கிரம் சூடாகும் என்பதால் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். அலாயில் சந்தேகம் இருந்தால் உள்பக்கம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், விரிசல் இருக்கிற கோட்டில் வரிசையாகக் குமிழ் வரும். வந்தால் ஸ்டெப்னியை மாட்டுங்கள், அந்தச் சக்கரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

கரகரவென்று உலோகம் தேயும் சத்தம் வந்தால் காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் கல் மாட்டியிருக்கும். உடனே நிறுத்தி, பின்னால் ஒரு அரைச் சுற்று எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். அப்படியே ஓட்டினால் அலாயின் உள்வளையத்தில் சுற்றிலும் பள்ளம் வெட்டிவிடும், ஸ்டீலில் கீறலோடு தப்பிக்கலாம்.

எந்த ரிம் மாட்டினாலும், மாட்டி 50-லிருந்து 100 கி.மீ. ஓட்டியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி இறுக்குங்கள், அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஏர் கன்னால் இறுக்கிய நட்டை வழியில் வீல் ஸ்பேனரால் கழற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.